யார் அழைக்கிறார், எப்போது அழைக்கிறார்? எஸ்டிஎன் கன்ட்ரோலரின் நிகழ்வு நிரலைப் படிக்கும் முறை

பைத்தான் ஓரளவு தெரிந்த ஒருவர், ரியூ கன்ட்ரோலருடன் (வலையமைப்புச் சுவிட்சுகளை வெளியிலிருந்து இயக்கும் மென்பொருள்) வரும் ‘சிம்பிள் சுவிட்ச் 13’ என்ற மாதிரிக் கோப்பை முதன்முறையாகத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நூறு வரிகளைச் சற்றே தாண்டும் கோப்பு. ஒரு கிளாஸ், அதற்குள் நான்கு ஃபங்ஷன்கள். தொடக்க ஃபங்ஷன் புரிகிறது. சுவிட்சில் விதியைச் சேர்க்கும் ஃபங்ஷனும் புரிகிறது. அதை அழைக்கும் வரிகள் அதே கோப்பில் இருக்கின்றன. மிச்சமுள்ள இரண்டையும் யார் அழைக்கிறார்கள் என்று தேடினால் கோப்பு முழுக்க ஒரு வரிகூட அகப்படாது. மெயின் ஃபங்ஷன் இல்லை, சுற்றிக்கொண்டே இருக்கும் லூப்பும் இல்லை. பிறகு எப்படி இது ஓடுகிறது?

நிகழ்வுகளைக் கையாளும் நிரலை மேலிருந்து கீழாகக் கதைபோலப் படிக்க முடியாது. அதிலுள்ள ஒவ்வொரு ஃபங்ஷனிடமும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எந்தச் செய்தி வந்தால் உன்னை அழைப்பார்கள்? சுவிட்சுடனான இணைப்பு எந்தக் கட்டத்தில் இருக்கும்போது? நீ வேலை முடித்துப் போன பிறகு எது, எங்கே நினைவில் நிற்கும்? முதல் இரண்டுக்கும் விடை நிரலிலேயே எழுதியிருக்கும். மூன்றாவதுதான் புதியவர்களை வெகுநேரம் அலைக்கழிக்கும். ஆகவே அதற்குக் கூடுதல் இடம் கொடுப்போம்.

பின்னணி, சுருக்கமாக

சாதாரண சுவிட்சில் பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, தள்ளும் வேலையும், எங்கே தள்ளுவது என்று முடிவெடுக்கும் வேலையும் ஒரே பெட்டிக்குள் நடக்கின்றன. மென்பொருள்வழி வலையமைப்பில், அதாவது எஸ்டிஎன்னில், முடிவெடுக்கும் வேலை கன்ட்ரோலர் என்ற தனி மென்பொருளுக்குப் போய்விடுகிறது. சுவிட்சிடம் ஒரு விதி அட்டவணை மட்டும் இருக்கும்: இந்த அடையாளம் உள்ள பாக்கெட் வந்தால் இதைச் செய் என்பது ஒரு விதி. கன்ட்ரோலரும் சுவிட்சும் பேசிக்கொள்ளும் மொழிகளில் பரவலாக அறியப்பட்டது ஓப்பன்ஃபுளோ. 2008-இல் ஸ்டான்ஃபோர்டின் நிக் மெக்கியோனும் மற்ற ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்தது இது. 2012-இல் வந்த 1.3 பதிப்பைத்தான் இன்றும் பெரும்பாலான பாடங்களும் பயிற்சிகளும் பயன்படுத்துகின்றன. இந்தக் கட்டுரையும் அதையே பின்பற்றுகிறது.

ரியூ ஜப்பானின் என்டிடி நிறுவனத்தில் உருவானது. ஜப்பானிய மொழியில் அந்தப் பெயருக்கு ‘ஓட்டம்’ என்று பொருள். நிறுவும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஈவென்ட்லெட் நூலகத்தின் புதிய பதிப்புகளோடு ரியூ ஒத்துப்போகாது. ‘ஆல்ரெடி ஹேண்டில்டு’ என்ற பெயரை இறக்க முடியவில்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். ஈவென்ட்லெட் 0.30.2-ஐயும் பைத்தான் 3.8 அல்லது 3.9-ஐயும் வைத்துக்கொண்டால் தொல்லை குறையும். ஓப்பன்ஸ்டாக் குழுவினர் ரியூவிலிருந்து கிளைத்துப் பராமரித்துவரும் ஓஎஸ்-கென் நூலகத்திலும் இங்கே சொல்லும் நிகழ்வு அமைப்புதான் இருக்கிறது.

நிகழ்வு எப்படிப் பிறக்கிறது

சுவிட்ச் கன்ட்ரோலரின் 6653-ஆம் போர்ட்டுக்கு டிசிபி இணைப்பு போடுகிறது. அதன் வழியே வரும் ஒவ்வொரு ஓப்பன்ஃபுளோ செய்திக்கும் முதல் 8 பைட் தலைப்பு: பதிப்பு 1 பைட், செய்தி வகை 1 பைட், மொத்த நீளம் 2 பைட், பரிமாற்ற எண் 4 பைட். வகை எண்தான் நமக்கு முக்கியம். 0 என்றால் ஹலோ, 1 பிழை, 2 எக்கோ வேண்டுகோள், 6 சுவிட்சின் திறன்களைச் சொல்லும் பதில், 10 பாக்கெட்-இன் (சுவிட்ச் ஒரு பாக்கெட்டைக் கன்ட்ரோலரிடம் அனுப்பிவைக்கும் செய்தி), 11 விதி நீங்கிய அறிவிப்பு, 12 போர்ட் நிலை அறிவிப்பு (இங்கே போர்ட் என்பது சுவிட்சில் கேபிள் செருகும் இடம்).

ரியூவில் ஒவ்வொரு சுவிட்ச் இணைப்புக்கும் ஒரு வாசிப்பு லூப் இருக்கிறது. நாம் தேடிக் கிடைக்காத லூப் இதுதான். நம் கோப்பில் இல்லை, ரியூவின் வயிற்றுக்குள் இருக்கிறது. அது 8 பைட் தலைப்பைப் படித்து, நீளம் பார்த்து, முழுச் செய்தியையும் எடுத்து, வகை எண்ணுக்குரிய பைத்தான் பொருளாக மாற்றுகிறது. அந்தப் பொருளை இன்னொரு உறைக்குள் போட்டால் அதுவே நிகழ்வு. உறையின் பெயரை உருவாக்கும் விதி எளிது: ஈவென்ட், ஓஎஃப்பி என்ற இரண்டு துண்டுகளுக்குப் பின்னால் செய்தியின் பெயரை இடைவெளியின்றி ஒட்டிக்கொள்ளுங்கள். செய்தி பாக்கெட்-இன் என்றால் நிகழ்வு ‘ஈவென்ட்ஓஎஃப்பிபாக்கெட்இன்’. ஆவணத்தில் தேடாமலே எந்தச் செய்திக்கு என்ன நிகழ்வு என்று ஊகித்துவிடலாம்.

உங்கள் ஃபங்ஷனின் கைக்கு வருவது இந்த உறை. அதைப் பிரித்தால் உள்ளே ‘எம்எஸ்ஜி’ என்ற செய்தி. செய்திக்குள் ‘டேட்டாபாத்’ என்ற பொருள். டேட்டாபாத் என்பது செய்தி அனுப்பிய சுவிட்சையும் அதற்குத் திரும்பப் பேசும் வழியையும் குறிக்கிறது. பத்து சுவிட்சுகள் இணைந்திருந்தாலும் உங்கள் கிளாஸின் பொருள் ஒன்றே ஒன்றுதான் உருவாகும். எனவே இந்த நிகழ்வு எந்தச் சுவிட்சிலிருந்து வந்தது என்பதை டேட்டாபாத்தின் 64 பிட் அடையாள எண்ணை வைத்து மட்டுமே சொல்ல முடியும். அந்த எண்ணைப் பார்க்காமல் எழுதிய நிரல், ஒரே சுவிட்ச் உள்ள சோதனையில் ஒழுங்காக ஓடி, இரண்டாவது சுவிட்சைச் சேர்த்ததும் குழம்பும்.

டெக்கரேட்டர்: பெயர் கொடுத்துவைக்கும் இடம்

ஃபங்ஷனுக்கு மேலே ‘அட்’ குறியோடு தொடங்கும் ‘செட்_ஈவி_சிஎல்எஸ்’ என்ற வரிதான் அழைப்பின் மர்மத்தை அவிழ்க்கிறது. அந்த வரி எதையும் இயக்குவதில்லை. இந்த ஃபங்ஷன் இன்ன நிகழ்வுக்கு, இன்ன கட்டத்தில் வேண்டும் என்று ஃபங்ஷனின் மேல் ஒரு சீட்டு ஒட்டுகிறது, அவ்வளவுதான். ரியூ உங்கள் கிளாஸை ஏற்றும்போது எல்லா ஃபங்ஷன்களையும் புரட்டிப் பார்த்து, சீட்டு ஒட்டியவற்றைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். பிறகு நிகழ்வு வரும்போது பதிவேட்டைப் பார்த்து அழைக்கும். ஃபங்ஷனின் பெயருக்கு இங்கே எந்த மதிப்பும் இல்லை. ‘முருங்கைக்காய்’ என்று பெயர் வைத்தாலும் அழைக்கும்.

பாக்ஸ் என்ற இன்னொரு பைத்தான் கன்ட்ரோலரில் நிலைமை நேர்மாறு. அங்கே ‘_ஹேண்டில்_’ என்பதோடு நிகழ்வின் பெயரை ஒட்டி ஃபங்ஷனுக்குப் பெயர் வைத்தால், பெயரைப் பார்த்தே அது தானாக இணைத்துக்கொள்ளும். வசதிதான். ஆனால் எழுத்து ஒன்று பிசகினால் ஃபங்ஷன் அழைக்கப்படவே படாது, பிழைச் செய்தியும் வராது. ரியூவில் நிகழ்வின் பெயர் பிசகினால் நிரல் ஏறும்போதே பைத்தான் கத்திவிடும். கற்றுக்கொள்பவருக்கு ரியூவின் முறையே நல்லது என்பது எங்கள் கருத்து.

சீட்டின் இரண்டாம் பகுதி, கட்டம். ரியூ ஒவ்வொரு சுவிட்ச் இணைப்பையும் நான்கு கட்டங்களில் ஒன்றில் வைத்திருக்கும்:

ஹேண்ட்ஷேக்: இரு தரப்பும் ஹலோ சொல்லிப் பதிப்பை முடிவு செய்கின்றன.
கான்ஃபிக்: பதிப்பு முடிவாகிவிட்டது, உன் திறன்கள் என்ன என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது.
மெயின்: முறையெல்லாம் முடிந்து வழக்கமான வேலை நடக்கிறது.
டெட்: இணைப்பு அறுந்தது.

திறன்களைச் சொல்லும் பதில் வரும் நேரத்தில் இணைப்பு கான்ஃபிக் கட்டத்தில்தான் இருக்கும். அதைக் கையாளும் ஃபங்ஷனுக்கு மெயின் என்று சீட்டு ஒட்டினால், செய்தி வரும், உங்கள் ஃபங்ஷன் மட்டும் அழைக்கப்படாது. பிழையும் காட்டாது. மெயின் என்பது ‘எல்லாவற்றுக்கும் பொதுவானது’ போல ஒலிப்பதால் பலரும் அதையே எல்லா இடத்திலும் போட்டு இதில் மாட்டுகிறார்கள். தேவைப்பட்டால் பட்டியலாக இரண்டு கட்டங்களையும் தரலாம். சுவிட்ச் சேர்ந்ததையும் பிரிந்ததையும் ஒரே ஃபங்ஷனில் கவனிக்க, ‘ஸ்டேட்சேஞ்ச்’ நிகழ்வுக்கு மெயின், டெட் இரண்டையும் கொடுப்பது வழக்கம்.

முதல் ஃபங்ஷன்: சுவிட்ச் வந்து சேர்ந்ததும்

கான்ஃபிக் கட்டத்துக்குரிய ஃபங்ஷன் மிகச் சிறியது. செய்வது ஒன்றுதான்: எல்லாப் பாக்கெட்டுக்கும் பொருந்தும் காலி நிபந்தனையோடு, முன்னுரிமை 0 கொண்ட ஒரு விதியை எழுதி, அதற்குச் செயலாக ‘கன்ட்ரோலருக்கு அனுப்பு’ என்று சொல்கிறது. வேறெந்த விதியும் பொருந்தாத பாக்கெட் கடைசியில் இதில் வந்து விழும். இதற்கு டேபிள்-மிஸ் விதி என்று பெயர்.

இதை ஏன் நாம் எழுத வேண்டும்? ஓப்பன்ஃபுளோ 1.0-இல் விதி பொருந்தாத பாக்கெட் தானாகவே கன்ட்ரோலருக்கு வந்தது. 1.3-இல் டேபிள்-மிஸ் விதி இல்லையென்றால் பாக்கெட் கைவிடப்படும். இந்த ஃபங்ஷனை நீக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள்: சுவிட்ச் இணையும், கன்ட்ரோலர் அச்சிடும் லாக் பதிவேடும் ஒழுங்காகவே தெரியும், பாக்கெட்-இன் மட்டும் ஒன்றுகூட வராது. பழைய 1.0 பாடத்தைப் பார்த்து 1.3 நிரல் எழுதுபவர்கள் விழும் குழி இது.

இதையொட்டிய இன்னொன்று. கிளாஸின் மேல்பகுதியில் ‘ஓஎஃப்பி_வெர்ஷன்ஸ்’ என்ற பட்டியலில் 1.3 என்று குறிப்பிட மறந்தால், சுவிட்சும் ரியூவும் வேறு பதிப்பில் உடன்பட்டுவிடலாம். 1.0-இல் உடன்பட்டால், அந்தப் பதிப்பில் ‘இன்ஸ்ட்ரக்ஷன்’ (விதிக்குள் செயல்களைப் பொதியும் பகுதி) என்ற கருத்தே கிடையாது என்பதால், விதி எழுதும் வரியில் நிரல் முறியும்.

இரண்டாவது ஃபங்ஷன்: பாக்கெட்-இன்

பைத்தான் இலக்கணத்தை உரித்துவிட்டு எலும்பை மட்டும் எழுதினால் இப்படி இருக்கும் (‘அகராதி’ என்பது பைத்தான் டிக்ஷனரி):

நிகழ்வு: பாக்கெட்-இன், கட்டம்: மெயின்
  சுவிட்ச் = செய்தியின் டேட்டாபாத் எண்
  வந்த_போர்ட் = செய்தியின் நிபந்தனைப் பகுதியில் உள்ள போர்ட் எண்
  அனுப்புநர், பெறுநர் = பாக்கெட்டின் மேக் முகவரிகள் (வலை அட்டைகளின் அடையாள எண்கள்)
  எல்எல்டிபி பாக்கெட் (கருவிகள் தம்மை அண்டைக்கு அறிவிப்பது) என்றால்: திரும்பு
  அகராதி[சுவிட்ச்][அனுப்புநர்] = வந்த_போர்ட்
  பெறுநர் அகராதி[சுவிட்ச்]-இல் இருந்தால்: வெளி_போர்ட் = அந்த எண்
  இல்லையென்றால்: வெளி_போர்ட் = வெள்ளமாக எல்லாப் போர்ட்டுக்கும்
  வெளி_போர்ட் வெள்ளம் அல்ல என்றால்: சுவிட்சில் விதி எழுது
  இந்தப் பாக்கெட்டை வெளி_போர்ட் வழியே அனுப்பு

கடைசி இரண்டு வரிகளின் வேறுபாட்டில்தான் எல்லாமே இருக்கிறது. விதி எழுதுவது இனி வரப்போகும் பாக்கெட்டுகளுக்கு. அனுப்புவது கையில் இருக்கும் இந்த ஒரு பாக்கெட்டுக்கு. விதி எழுதிய பாக்கெட்டை மட்டும் அனுப்ப மறந்தால் தொடக்கப் பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) தொலைந்து, பிறகு சரியாகப் போகும்; வெள்ளத்தையும் அனுப்ப மறந்தால் எதுவுமே போய்ச் சேராது. அனுப்பிவிட்டு விதியை எழுத மறந்தால் எல்லாம் போகும். ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டும் கன்ட்ரோலர்வரை வந்து திரும்புவதால் வேகம் படுத்துவிடும். அறிகுறியைப் பார்த்தே எந்த வரி விடுபட்டது என்று சொல்லலாம்.

அனுப்பும்போது கவனிக்க வேண்டியது பஃபர் எண். சில சுவிட்சுகள் பாக்கெட்டைத் தம்மிடமே நிறுத்திவைத்துக்கொண்டு, ஒரு துண்டையும் பஃபர் எண்ணையும் மட்டும் அனுப்பும். அப்போது பதிலில் அந்த எண்ணைச் சொன்னால் போதும். ‘பஃபர் இல்லை’ என்ற சிறப்பு எண் வந்திருந்தால் முழுப் பாக்கெட்டும் செய்திக்குள்ளேயே இருக்கிறது. அதை நீங்களே எடுத்துப் பதிலோடு சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அனுப்ப ஒன்றுமே இருக்காது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: விதிச் செய்தியிலும் பஃபர் எண்ணைக் கொடுத்து, பிறகு அனுப்பும் செய்தியிலும் அதே எண்ணைக் கொடுப்பது. முதல் செய்தியிலேயே பஃபர் காலியாகிவிடும். இரண்டாவதற்குப் பிழைதான் பதிலாக வரும். மாதிரிக் கோப்பில் பஃபர் எண்ணோடு விதி எழுதிய கையோடு ‘ரிட்டர்ன்’ இருப்பது இதற்காகத்தான்.

ஒரு பிங், மூன்று நிகழ்வுகள்

மினிநெட்டில் (ஒரே கணினிக்குள் சோதனை வலையமைப்பை எழுப்பும் கருவி) ஒரு சுவிட்ச், மூன்று கணினிகள் கொண்ட அமைப்பை எழுப்பி, முதல் கணினியிலிருந்து இரண்டாவதற்கு ஒரே ஒரு பிங் அனுப்புங்கள். அனுப்பும் முன் ஒரு தாளில் எழுதிவையுங்கள்: எத்தனை முறை பாக்கெட்-இன் ஃபங்ஷன் அழைக்கப்படும்?

முதலாவது, ‘இந்த ஐபி யாருடையது’ என்று முதல் கணினி எல்லோரையும் கேட்கும் ஏஆர்பி. முதல் கணினி போர்ட் 1-இல் இருக்கிறது என்று அகராதி கற்கிறது. பெறுநர் எல்லோரும் என்பதால் வெள்ளம், விதி இல்லை. இரண்டாவது, இரண்டாம் கணினியின் ஏஆர்பி பதில். இரண்டாம் கணினி போர்ட் 2-இல் என்று கற்கிறது. பெறுநரை ஏற்கெனவே தெரியும் என்பதால் இரண்டிலிருந்து ஒன்றுக்கு ஒரு விதி எழுதப்படுகிறது. மூன்றாவது, பிங் வேண்டுகோள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு விதி. அடுத்து வரும் பிங் பதில், ஏஆர்பி பதிலுக்காக எழுதிய விதியிலேயே பொருந்திவிடுவதால் கன்ட்ரோலருக்கு வராது.

ஆக நிகழ்வுகள் மூன்று. சுவிட்சின் அட்டவணையைக் கொட்டிப் பார்த்தால் விதிகளும் மூன்று: டேபிள்-மிஸ் ஒன்று, நாம் எழுதியவை இரண்டு. லாக் பதிவேட்டில் இதைவிட அதிகமான நிகழ்வுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கணினிகள் எழுந்தவுடன் ஐபிவி6 அண்டைத் தேடலுக்காகச் சில பாக்கெட்டுகளைத் தாமாகவே அனுப்பும். பெறுநரின் மேக் முகவரி 33:33 என்று தொடங்கினால் அவை அந்த வகை. இந்தக் கணக்கைத் தாளில் சரியாகப் போட முடிந்தவருக்கு இந்த நிரல் புரிந்துவிட்டது.

இரண்டு நினைவுகள்

இப்போது மூன்றாவது கேள்வி. பாக்கெட்-இன் ஃபங்ஷன் முடிந்ததும் அதன் உள் மாறிகள் போய்விடும். நிற்பவை இரண்டு: கன்ட்ரோலரின் நினைவகத்தில் உள்ள அகராதி, சுவிட்சுக்குள் உள்ள விதி அட்டவணை. இரண்டும் வேறு வேறு இடங்களில் வாழ்கின்றன, வேறு வேறு நேரங்களில் சாகின்றன. ஒன்று மற்றதைத் தானாகச் சரிசெய்யாது.

நிரலில் ஒரு அச்சு வரியைச் சேர்க்கிறீர்கள். கன்ட்ரோலரை நிறுத்தித் திரும்ப ஓட்டுகிறீர்கள். பிங் போகிறது, அச்சு வரி வரவில்லை. நிரல் சேமிக்கப்படவில்லையோ என்று சந்தேகம் வரும். உண்மையில் அகராதி காலியானது கன்ட்ரோலரில் மட்டும். சுவிட்ச் அணையவில்லை, பழைய விதிகள் அப்படியே இருக்கின்றன. பாக்கெட்டுகள் விதியிலேயே பொருந்திப் போய்விடுவதால் கன்ட்ரோலருக்கு எதுவும் வருவதில்லை. சோதனைக் காலத்தில் ஒவ்வொரு முறையும் மினிநெட்டையும் சேர்த்து மறுபடி தொடங்குங்கள். அல்லது சுவிட்ச் வந்து சேரும் ஃபங்ஷனில், டேபிள்-மிஸ் எழுதும் முன் பழைய விதிகளை அழியுங்கள்.

அழிப்பதிலும் ஒரு வினை இருக்கிறது. ரியூவில் அழிக்கும் செய்தியை உருவாக்கும்போது ‘அவுட்_போர்ட்’, ‘அவுட்_குரூப்’ இரண்டையும் நீங்கள் தராவிட்டால் அவை 0 என்று போய்விடும். போர்ட் 0-க்கு அனுப்பும் விதிகளை மட்டும் அழி என்று சுவிட்ச் புரிந்துகொள்ளும். அப்படி விதியே இருக்காது. எதுவும் அழியாது, பிழையும் வராது. இரண்டுக்கும் ‘எதுவானாலும்’ என்ற ‘எனி’ மதிப்பைக் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் கணினியின் கேபிளைப் பிடுங்கிக் காலியான போர்ட் 4-இல் செருகினால் என்ன ஆகும்? மாதிரிக் கோப்பு எழுதும் விதிகளுக்குக் காலக்கெடு இல்லை. எனவே போர்ட் 2-க்கு அனுப்பு என்ற விதி சாகாமல் இருந்து பாக்கெட்டுகளை ஆளில்லாத போர்ட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எளிய மருந்து, ‘ஐடில் டைம்அவுட்’ என்ற கெடு: அந்த விதியில் இத்தனை விநாடி எந்தப் பாக்கெட்டும் பொருந்தவில்லையென்றால் சுவிட்சே அதை நீக்கிவிடும். ஆனால் பொருந்தும் பாக்கெட் வந்துகொண்டே இருந்தால், அது ஆளில்லாத போர்ட்டுக்குப் போனாலும், இந்தக் கெடு தீராது. ‘ஹார்ட் டைம்அவுட்’ எது வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நேரத்தில் நீக்கும். கேபிள் இடம்மாறும் சூழலுக்கு இரண்டையும் சேர்த்து வைப்பதே சரி.

இன்னும் நுணுக்கமான மருந்து, போர்ட் நிலை நிகழ்வைக் கையாள்வது. போர்ட் விழுந்தால் அதைச் சுட்டும் விதிகளையும் அகராதிப் பதிவுகளையும் சேர்த்து நீக்கலாம். இங்கே காரணக் குறியீடு மூன்று: சேர்ப்பு, நீக்கம், மாற்றம். கேபிள் பிடுங்கியதை ‘நீக்கம்’ என்று எதிர்பார்ப்போம். அது ‘மாற்றம்’ என்று வரும், போர்ட்டின் நிலைப் பகுதியில் ‘லிங்க் டவுன்’ பிட் எழுந்திருக்கும். ‘நீக்கம்’ என்பது போர்ட்டே சுவிட்சிலிருந்து எடுக்கப்பட்டதைச் சொல்வது.

விதியின் நிபந்தனையில் அனுப்புநர் முகவரியையும் ஏன் சேர்க்கிறார்கள் என்பதற்கும் இரண்டு நினைவுகளே காரணம். பெறுநரை மட்டும் வைத்து ‘முதல் கணினிக்கு வருவதெல்லாம் போர்ட் 1-க்கு’ என்று விதி எழுதினால், மூன்றாம் கணினி அதற்கு அனுப்பும் பாக்கெட் அந்த விதியிலேயே போய்விடும். கன்ட்ரோலர் மூன்றாம் கணினியைப் பார்க்கவே பார்க்காது. அதற்குப் போகும் பதில்கள் எல்லாம் வெள்ளமாகப் போகும். வழக்கமாக மூன்றாம் கணினியின் ஏஆர்பி கேள்வி கன்ட்ரோலருக்கு வந்துவிடும் என்பதால் இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும். கணினிகளில் ஏஆர்பி பதிவுகளை நிலையாக எழுதிவைத்துச் சோதித்தால் வெளியே வரும்.

ஃபங்ஷனுக்குள் காத்திருக்கக் கூடாது

ரியூவில் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் (உங்கள் கிளாஸ் அப்படி ஒரு பயன்பாடு) ஒரு வரிசை உண்டு. 128 நிகழ்வுகள் கொள்ளும். அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஃபங்ஷனை அழைக்கும் வேலையை ஒரே ஒரு திரெட் செய்கிறது. ஒரு ஃபங்ஷன் முடிந்தால்தான் அடுத்த நிகழ்வு.

பாக்கெட்-இன் ஃபங்ஷனுக்குள் தரவுத்தளத்தைக் கேட்டுவிட்டு 2 விநாடி காத்திருப்பதாக வையுங்கள். ரியூவின் திரெட்டுகள் ஈவென்ட்லெட் தரும் பச்சைத் திரெட்டுகள். ஒன்று காத்திருந்தால் மற்றவை ஓடும். எனவே முதலில் எதுவும் தெரியாது. ஆனால் உங்கள் வரிசை நகராது. 128-உம் நிரம்பியதும், வரிசையில் இடம் கிடைக்கும்வரை வாசிப்பு லூப்பே நின்றுவிடும். வாசிப்பு நின்றால், ‘உயிரோடு இருக்கிறாயா’ என்று சுவிட்ச் அனுப்பும் எக்கோ வேண்டுகோளும் படிக்கப்படாமல் கிடக்கும். ஓப்பன் விசுவிட்ச் (மினிநெட் பயன்படுத்தும் மென்பொருள் சுவிட்ச்) சாதாரணமாக 5 விநாடி அமைதிக்குப் பிறகு எக்கோ அனுப்பும்; இன்னொரு 5 விநாடியில் பதில் வராவிட்டால் இணைப்பை அறுத்துவிட்டுத் திரும்பப் போடும். நீங்கள் காண்பது, சுமை கூடும்போது மட்டும் சுவிட்சுகள் விட்டுவிட்டு இணைவது. வலையமைப்பில் கோளாறு என்று கேபிளைச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள். கோளாறு ஒரு ஃபங்ஷனின் நடுவில் இருக்கும்.

காத்திருக்காமல் சிபியுவைக் கசக்கும் நீண்ட கணக்கு இன்னும் மோசம். பச்சைத் திரெட்டுகள் தாமாக வழிவிட்டால்தான் மற்றவை ஓடும். கணக்கு போடும் திரெட் வழிவிடாது, கன்ட்ரோலர் முழுக்க உறைந்துவிடும். நீண்ட வேலையை ‘ஹப் ஸ்பான்’ மூலம் தனித் திரெட்டுக்கு மாற்றி, நடுநடுவே ‘ஹப் ஸ்லீப்’ போட்டு வழிவிடச் செய்ய வேண்டும். 10 விநாடிக்கு ஒருமுறை புள்ளிவிவரம் கேட்கும் மாதிரிக் கோப்பு ரியூவிலேயே இருக்கிறது. அதில் கேட்பது ஒரு திரெட், பதிலைப் பெறுவது ஒரு நிகழ்வு ஃபங்ஷன் என்று பிரித்திருப்பதைப் பாருங்கள். கேட்ட இடத்திலேயே பதிலுக்குக் காத்திருக்காமை என்பது இந்த நிரல்பாணியின் உயிர்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் மனதில் வையுங்கள். விதிச் செய்தியை அனுப்பியதும் அது சுவிட்சில் ஏறிவிட்டது என்று பொருளில்லை. அது ஏறுவதற்குள் அதே ஓட்டத்தின் இன்னும் சில பாக்கெட்டுகள் கன்ட்ரோலருக்கு வந்துவிடும். ஒரே பாக்கெட்-இன் பலமுறை வந்தாலும் கெடாதபடி ஃபங்ஷனை எழுத வேண்டும். ‘முதல் பாக்கெட் வந்தால் எண்ணிக்கையைக் கூட்டு’ என்று எழுதியவர்களின் எண்ணிக்கை தப்பாக வருவது இதனால்தான். இரண்டு செய்திகளின் வரிசை மாறக் கூடாது என்றால் நடுவே ஒரு ‘பேரியர்’ வேண்டுகோளை அனுப்ப வேண்டும். அதற்கு முந்தியவற்றை முடித்த பிறகே சுவிட்ச் பிந்தியவற்றைத் தொடும்.

பிழையும் ஒரு நிகழ்வுதான்

சுவிட்ச் உங்கள் விதியை மறுத்தால், விதி அனுப்பிய வரியில் எந்தப் பைத்தான் பிழையும் எழாது. சிறிது நேரம் கழித்து வகை 1 கொண்ட பிழைச் செய்தி தனி நிகழ்வாக வரும். அதற்கு மெயின், கான்ஃபிக் இரண்டு கட்டத்துக்கும் ஒரு ஃபங்ஷன் எழுதி, பிழை வகை, குறியீடு, பரிமாற்ற எண் மூன்றையும் அச்சிடுங்கள். எந்த வேண்டுகோளுக்கு வந்த பிழை என்பதைப் பரிமாற்ற எண் சொல்லும். கற்கும் காலத்தில் இந்த ஐந்தாறு வரி ஃபங்ஷனை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும் என்று அழுத்திச் சொல்வோம்.

உங்கள் ஃபங்ஷனுக்குள்ளேயே பைத்தான் பிழை எழுந்தால் ரியூ அதை லாக் பதிவேட்டில் அச்சிட்டுவிட்டு அடுத்த நிகழ்வுக்குப் போய்விடும். கன்ட்ரோலர் விழாது. அந்த ஒரு பாக்கெட் மட்டும் தொலைந்துவிடும். கன்ட்ரோலர் ஓடுகிறதே, ஆகவே நிரல் சரி என்று நினைக்காமல் பதிவேட்டை மேலே உருட்டிப் பாருங்கள்.

இன்னொரு ஏமாற்று: கன்ட்ரோலரை நிறுத்திய பிறகும் புதிய பிங்குகள் போகின்றனவா? ஓப்பன் விசுவிட்ச் ‘ஸ்டாண்டலோன்’ முறையில் இருந்தால், கன்ட்ரோலரைத் தொடர்புகொள்ள முடியாதபோது தானே சாதாரணக் கற்கும் சுவிட்சாக மாறிவிடும். ‘செக்யூர்’ முறையில் அப்படிச் செய்யாது. மினிநெட் தானாக எழுப்பும் ஓப்பன் விசுவிட்ச் செக்யூர் முறையில் இருக்கும். கையால் நீங்களே உருவாக்கிய பிரிட்ஜில் (ஓப்பன் விசுவிட்சில் ஒரு சுவிட்சுக்கு அதுதான் பெயர்) முறையைக் குறிப்பிட்டு வையுங்கள். இல்லாவிட்டால் சோதனையில் வேலை செய்தது உங்கள் நிரலா, சுவிட்சின் பழக்கமா என்று தெரியாது.

ஒரே நிகழ்வுக்குப் பலர்

ரியூவில் இரண்டு பயன்பாடுகளைச் சேர்த்து ஓட்டினால், பாக்கெட்-இன்னுக்குப் பெயர் கொடுத்த இரண்டுமே அழைக்கப்படும். நான் கவனித்துவிட்டேன், நீ விட்டுவிடு என்று ஒன்று மற்றதைத் தடுக்க வழியில்லை. இரண்டும் பாக்கெட்டை அனுப்பினால் பெறுநருக்கு இரண்டு பிரதி போகும். பிங் முடிவில் ‘டூப்’ என்று காட்டும். ஃபயர்வாலை ஒரு பயன்பாடாகவும் சுவிட்சை இன்னொரு பயன்பாடாகவும் எழுதினால், ஃபயர்வால் வேண்டாமென்ற பாக்கெட்டைச் சுவிட்ச் அனுப்பிவிடும். தடுப்பு விதியை உயர்ந்த முன்னுரிமையோடு முன்கூட்டியே சுவிட்சில் எழுதிவிடுவதுதான் ரியூவில் சரியான வழி. பாக்கெட் கன்ட்ரோலர்வரை வராமலே நின்றுவிடும்.

ஜாவாவில் எழுதிய கன்ட்ரோலர்கள் இதை வேறு மாதிரி தீர்க்கின்றன. ஃப்ளட்லைட்டில் ஒவ்வொரு கையாளும் ஃபங்ஷனும் முடிவில் ‘தொடரட்டும்’ அல்லது ‘நிற்கட்டும்’ என்று திருப்பித் தர வேண்டும். நிற்கட்டும் என்றால் சங்கிலியில் அடுத்தவருக்குப் போகாது. ஓனாஸில் பாக்கெட்டைக் கையாள்பவர்கள் முன்னுரிமை எண்ணோடு பதிவு செய்வார்கள். முன்னவர் ஏற்கெனவே கவனித்துவிட்டாரா என்று பின்னவர் கேட்டுப் பார்க்க வசதி உண்டு. ரியூவிலிருந்து அங்கே போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடத்தை.

பழகிப் பார்க்க ஒரு வேலை. மாதிரிக் கோப்பை நகலெடுத்து, எழுதும் விதிகளுக்கு 10 விநாடி ஐடில் டைம்அவுட் வையுங்கள். விதி நீங்கும்போது வரும் ‘ஃபுளோ ரிமூவ்டு’ நிகழ்வுக்கு மெயின் கட்டத்தில் ஒரு ஃபங்ஷன் எழுதி, அதில் எத்தனை பாக்கெட், எத்தனை பைட் என்று அச்சிடுங்கள். ஒரு பிங் அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். முதல் முயற்சியில் பெரும்பாலும் ஒன்றும் அச்சாகாது: விதி எழுதும்போதே, நீங்கும்போது எனக்குச் சொல் என்ற ‘சென்ட் ஃபுளோ ரெம்’ கொடியைச் சேர்த்தால்தான் சுவிட்ச் அந்த அறிவிப்பை அனுப்பும். கொடியைச் சேர்த்து, மினிநெட்டையும் மறுபடி தொடங்கி ஓட்டுங்கள். பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கை லூப்பேக் இடைமுகத்தில் 6653-ஆம் போர்ட்டுக்குத் திறந்துவைத்தால், வகை 11 கொண்ட செய்தி கம்பியில் வருவதையும் அடுத்த நொடி உங்கள் ஃபங்ஷன் அச்சிடுவதையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம்.